பெயரில்லாத பட்டன்களும் சில வழக்குகளும்

போன செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள். மதியம் என் வகுப்பு நண்பன் ஒருவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பார்வை கிடையாது. போனில் இருக்கும் டாக்பேக்தான் திரையில் உள்ளதை அவனுக்குப் படித்துச் சொல்லும். அன்றைக்கு அவன் விரலை நகர்த்த நகர்த்த அது "பட்டன்... பட்டன்... பெயரிடப்படாத பட்டன்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. முந்தின இரவு அவனுடைய வங்கிச் செயலி தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. புது டிசைன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இரண்டு வருடமாக யார் தயவும் இல்லாமல் தன் பணத்தைத் தானே அனுப்பிக்கொண்டிருந்தவன், அன்று போனை என்னிடம் கொடுத்து ரகசிய எண்ணையும் சொல்ல வேண்டியதாயிற்று. கட்டணம் கட்டியாகிவிட்டது. அவன் அதைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நேற்று வரை இருந்த வசதியை இன்று டிசைன் மாற்றுகிறேன் என்று எடுத்துவிட்டால், அதற்கு யார் பதில் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்தேன். கிடைத்தது கால் நூற்றாண்டுக் கதை. அது ஆரம்பிக்கிற இடம் ஆஸ்திரேலியா.

1999 மே 5 அன்று, இணையதளங்களை எப்படி எல்லோரும் பயன்படுத்தும்படி கட்டுவது என்பதற்கான முதல் வழிகாட்டு நெறிகளை டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டது. டபிள்யூ.சி.ஏ.ஜி. 1.0 என்று பெயர். படங்களுக்கு எழுத்தில் விளக்கம் கொடு, அட்டவணைகளை ஒழுங்காகக் குறியிடு, இந்த மாதிரி விஷயங்கள். அடுத்த மாதமே, ஜூனில், புரூஸ் மெகுவயர் என்பவர் அங்குள்ள மனித உரிமை மற்றும் சம வாய்ப்பு ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். அவர் பிறவியிலேயே பார்வையில்லாதவர், பிரெயிலில் படிப்பவர். 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் சிட்னியில் நடக்கப்போகிறது. டிக்கெட் புத்தகம் பிரெயிலில் இல்லை. சரி, இணையதளத்திலாவது பார்க்கலாம் என்றால் அதுவும் அவருடைய கருவிக்குப் பிடிபடவில்லை.

அவர் கேட்டது மூன்றே மூன்று. படங்களுக்கும் படத்தில் உள்ள இணைப்புகளுக்கும் எழுத்து விளக்கம் வேண்டும். போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும். போட்டிகள் நடக்கும்போது முடிவுகள் வரும் அட்டவணையைப் படிக்க முடிய வேண்டும். அவ்வளவுதான்.

அமைப்புக் குழு தந்த பதிலை வணிகவியல் படிக்கும் எல்லோரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். மொத்தம் 1,295 டெம்ப்ளேட்டுகள் இருக்கின்றன, ஒரு ஆள் தினம் 8 மணி நேரம் உட்கார்ந்தால் 368 நாள் ஆகும், கூடுதல் இயந்திரங்கள் வேண்டும், எல்லாம் சேர்த்து 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் செலவாகும் என்றார்கள். ஆஸ்திரேலியாவின் 1992ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற சிரமம்' என்று ஒரு விதிவிலக்கு உண்டு. அதற்குள் நுழைந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

மெகுவயர் தரப்பில் ஜூட்டா திரெவிரானஸ், டாம் வொர்த்திங்டன் என்ற இரண்டு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். டெம்ப்ளேட்டுகள் அத்தனை இருக்க வாய்ப்பே இல்லை, அனுபவமுள்ள சின்னக் குழு நான்கு வாரத்தில் முடித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. 368 நாள் எங்கே, நான்கு வாரம் எங்கே! காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில் இப்படி ஒரு எஸ்டிமேட் எழுதினால் எங்கள் பேராசிரியர் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் :-)

விசாரித்த வில்லியம் கார்ட்டர் அமைப்புக் குழுவின் வாதத்தை ஏற்கவில்லை. 2000 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு. செப்டம்பர் 15க்குள் தளத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றார். செப்டம்பர் 15 என்பது ஒலிம்பிக் தொடக்க விழா நாள். குழு அரைகுறையாகச் செய்தது. போட்டிகள் அக்டோபர் 1 அன்று முடிந்தே போயின. நவம்பர் மாதம் 20,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

பார்வையற்ற ஒருவர் இணையதளத்தின் மீது தொடுத்த வழக்கில் வென்றது உலகத்திலேயே இதுதான் முதல்முறை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வென்றார், சரி. எதை வென்றார்? போட்டி முடிவுகளைத் தன் விரலால் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. போட்டிகள் முடிந்த பிறகு வந்த பணம் அதைத் தரவில்லை. தளமும் தன் வேலை முடிந்து ஓய்ந்துவிட்டது. ஒரு பக்கத்தைச் சரிசெய்யச் சொல்லும் தீர்ப்பு, அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும் வரைதான் செல்லும். இந்தச் சிக்கல் அன்றைக்கே தெரிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

அடுத்தது அமெரிக்கா. டார்கெட் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் மீது 2006 பிப்ரவரியில் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. உடன் வாதியாகச் சேர்ந்தவர் புரூஸ் செக்ஸ்டன், பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த மாணவர். (இங்கேயும் ஒரு புரூஸ், தற்செயல்தான்.) படங்களுக்கு விளக்கம் இல்லை, மவுஸ் இல்லாமல் பொருள் வாங்கி முடிக்க முடியாது என்பது புகார்.

டார்கெட்டின் பதில்: அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கடைகள், ஓட்டல்கள், தியேட்டர்கள் போன்ற 'இடங்களுக்கு' வந்த சட்டம், இணையதளம் ஓர் இடமே இல்லை. அந்தச் சட்டம் 1990ல் கையெழுத்தானது. இணையக் கடை என்ற ஒன்று அப்போது கிடையாது. ஆகவே வாதம் முழுக்க அபத்தம் என்று தள்ளிவிட முடியாது. நீதிபதி மர்லின் ஹால் பட்டேல் 2006 செப்டம்பரில் நடுவழி ஒன்றைப் பிடித்தார். கடையில் கிடைக்கும் சேவைகளோடு தளம் பின்னிப் பிணைந்திருக்கும் அளவுக்குச் சட்டம் செல்லும் என்றார். வழக்கு நிலைத்தது. 2008 ஆகஸ்டில் சமரசம் ஆனது, 60 லட்சம் டாலர் நிதி.

செய்தித்தாள்கள் அந்த 60 லட்சத்தைத்தான் பெரிதாகப் போட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது ஒப்பந்தத்தில் இருந்த வேறொரு ஷரத்து. தளத்தை மூன்று வருடம் அந்தக் கூட்டமைப்பே தொடர்ந்து சோதித்துப் பார்க்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அதாவது ஒருநாள் ரிப்பேரோடு விடவில்லை, பின்னாலேயே ஒரு ஆடிட்டரை அனுப்பினார்கள். மெகுவயருக்குக் கிடைக்காதது இதுதான்.

இதற்குள் போன் மாறிவிட்டது. அதுவரை பார்வையற்றவர்கள் பொத்தான் வைத்த போன்களைத்தான் நம்பியிருந்தார்கள். விரலுக்குப் பொத்தான் தெரியும், தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் போட்ட பேசும் மென்பொருள் மீதியைச் சொல்லும். வழவழவென்று ஒரு கண்ணாடிப் பலகை வந்தபோது இனி நம் கதை முடிந்தது என்று பலர் பயந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 2009 ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் உள்ளேயே வந்தது. விரலை வைத்தால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். அதே வருடம் ஆண்ட்ராய்டில் டாக்பேக் வந்தது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. திரை வாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை, செயலியின் நிரலில் அந்தப் பட்டனுக்கு எழுதி வைத்திருக்கும் பெயரைத்தான் படிக்கிறது. வீடு மாதிரி ஒரு சின்னம் போட்டால் நமக்கு 'முகப்பு' என்று புரிந்துவிடும். நிரலில் 'முகப்பு' என்று பெயர் எழுதவில்லை என்றால் அவனுக்கு அது வெறும் "பட்டன்". இப்போது டிசைன் மாறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழைய சின்னங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கிறார்கள். திரையையே புதிதாக எழுதுகிறார்கள். பழைய பட்டனோடு இருந்த பெயர் பழைய நிரலோடு போய்விடுகிறது. கண் தெரிந்த பத்துப் பேர் சோதித்துப் பார்த்து 'சூப்பர்' என்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வேண்டுமென்று செய்யாததால்தான் யாரையும் பிடிக்கவும் முடிவதில்லை.

வழிகாட்டு நெறிகளும் பின்தங்கிவிட்டன. டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 வந்தது 2008 டிசம்பரில். தொடுதிரையில் வரும் தனிச் சிக்கல்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட 2.1 வருவதற்கு 2018 ஜூன் ஆகிவிட்டது. இடையில் கிட்டத்தட்ட பத்து வருடம், அதுவும் ஊர் உலகம் எல்லாம் ஸ்மார்ட்போனுக்கு மாறிய பத்து வருடம்!

அந்த இடைவெளியில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வழக்கு இருக்கிறது. அதிகம் பேசப்படாதது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் ஹெச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனம் (பி.காம். மாணவனுக்குப் பிடிக்காமல் என்ன செய்யும்!). அமெரிக்க நீதித்துறையும் பார்வையற்றோர் கூட்டமைப்பும் அதனோடு 2014 மார்ச்சில் ஓர் ஒப்புதல் ஆணைக்கு வந்தன. வாதிகள் இருவருக்கு 45,000 டாலர், அபராதம் 55,000 டாலர். தொகை சிறிதுதான். ஆனால் மற்ற நிபந்தனைகளைக் கேளுங்கள். இணையதளம் மட்டுமல்ல, மொபைல் செயலிகளும் நெறிகளுக்குள் வர வேண்டும். இதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். வெளி ஆள் ஒருவர் ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். இணையப் பணியில் இருக்கும் ஊழியர்களின் வேலைத் திறனை மதிப்பிடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் ஆணை அமலில் இருக்கும்.

ஆடிட்டிங் பாடத்தில் 'அகக் கட்டுப்பாடு' என்று படிக்கிறோமே, அதேதான். கல்லாப்பெட்டியில் இன்று காசு சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது ஒன்று. நாளைக்கும் சரியாக இருக்கும்படி வேலையை யார் யாருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது வேறொன்று. டிசைன் எத்தனை முறை மாறினாலும் பட்டனுக்குப் பெயர் வைக்க மறந்தவரின் சம்பள உயர்வு அதில் சிக்கும் என்றால் மறப்பாரா?

ஆனால் இதெல்லாம் அந்த ஒரு நிறுவனத்தை மட்டும் கட்டிய ஆணை. பொது விதி வரவில்லை. அமெரிக்க நீதித்துறை தனியார் தளங்களுக்கு விதி வகுக்கும் வேலையை 2010ல் தொடங்கி 2017 டிசம்பரில் கைவிட்டது. அந்த ஓட்டைக்குள் புகுந்து ஓடியதுதான் டோமினோஸ் பீட்சா வழக்கு.

கில்லர்மோ ரோப்ளஸ் என்ற பார்வையற்றவர் 2016 செப்டம்பரில் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார். தளத்திலும் ஐபோன் செயலியிலும் தன்னால் பீட்சா ஆர்டர் செய்ய முடியவில்லை என்றார். பீட்சாவுக்கா கோர்ட்டு என்று சிரிக்கத் தோன்றும். இணையத்தில் அப்படிச் சிரித்தவர்களும் உண்டு. நிறுவனம் சொன்னதோ, எந்த நெறியைப் பின்பற்ற வேண்டும் என்று அரசே சொல்லாதபோது எங்களைப் பிடித்துத் தண்டிப்பது நியாயமா என்பது. 2017ல் கீழ் நீதிமன்றம் இதை ஏற்று வழக்கைத் தள்ளியது. 2019 ஜனவரியில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. சேவை எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்ற கடமை 1990லிருந்தே இருக்கிறது, விரிவான விதி இல்லை என்பதால் கடமை இல்லாமல் போகாது என்பது அதன் சாரம். செயலியும் அந்தக் கடமைக்குள் வந்தது. டோமினோஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 அக்டோபர் 7 அன்று அங்கே எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

வழக்கு மறுபடி கீழே வந்தது. தளத்தில் முடியாவிட்டால் தொலைபேசியில் ஆர்டர் செய்யலாமே என்றது நிறுவனம். அவர் 45 நிமிடத்துக்கு மேல் லைனில் காத்திருந்து, வைத்துவிட்டுப் போன கதை நீதிமன்றத்தில் பதிவானது. 2021 ஜூனில் இணையதளத்தைப் பொறுத்தவரை சட்டமீறல் நடந்திருக்கிறது என்று தீர்ப்பு. தளத்தைச் சரிசெய்ய வேண்டும், அவருக்கு 4,000 டாலர். 2022ல் சமரசத்தில் முடிந்தது. ஒரு பீட்சாவுக்கு ஆறு வருடம். ஆறு வருடத்தில் ஒரு செயலி எத்தனை முறை தோல் உரிக்கும் என்று உங்கள் போனைக் கேளுங்கள்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த வழக்குகளைப் பார்த்து அங்கே ஒரு வியாபாரமே முளைத்தது. தளத்தில் ஒரு வரி நிரலைச் சேருங்கள், மற்றதை எங்கள் மென்பொருள் தானாகச் சரிசெய்துவிடும் என்று விற்றார்கள். வழக்குக்குப் பயந்த சின்னக் கடைக்காரர்கள் வாங்கிப் போட்டார்கள். அப்படி விற்ற ஆக்சசிபி என்ற நிறுவனம் சொன்னபடி அது வேலை செய்யவில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் 2025ல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பயத்தில் வாங்குவது என்றைக்கும் மேல்பூச்சுதான்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். என் நண்பனுக்கு அமெரிக்கச் சட்டம் எதற்கு?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இங்கே இருக்கிறது. தனியார் சேவை நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பிரிவு 46 அதில் இருக்கிறது. 2017ல் விதிகளும் வந்தன. ஆனால் அந்த விதிகளில் 15ஆம் விதி, தரங்களை வெறும் வழிகாட்டுதல் போல வைத்திருந்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி என்பவர் 2005லேயே தொடுத்த பொதுநல வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. சட்டம் 'கட்டாயம்' என்கிறது, விதி 'செய்தால் நல்லது' என்கிறது, இது செல்லாது என்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. தண்டனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. ஒரு வங்கி தன் செயலியின் புது டிசைனுக்குக் கொடுக்கும் விளம்பரச் செலவில் 10,000 ரூபாய் எந்த மூலைக்கு?

2025 ஏப்ரல் 30 அன்று வந்த தீர்ப்பு இதைவிட நெருக்கமானது. வங்கிக் கணக்குத் தொடங்கும்போது கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள் அல்லவா? ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? பிரக்யா பிரசூன் என்பவரும் மற்றவர்களும் அதை எதிர்த்து வந்தார்கள். பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்த மனுவும் சேர்த்து விசாரிக்கப்பட்டது. விசாரித்தவர்கள் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும். இரண்டாமவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது தீர்ப்பு. கூடவே 20 உத்தரவுகள்.

அந்த இருபதில் ஒன்றைத்தான் இரண்டு தடவை படித்தேன். செயலியோ தளமோ வடிவமைக்கும்போதும், புதிதாக ஒரு வசதியைச் சேர்க்கும்போதும், வெளியிடுவதற்கு முந்தைய சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் தணிக்கையும் நடத்த வேண்டும். மெகுவயர் வழக்கில் இல்லாததும், டார்கெட்டில் ஷரத்தாக நுழைந்ததும், வரிக் கணக்கு நிறுவனத்துக்கு ஆணையாகப் போனதும் இங்கே உத்தரவாக வந்திருக்கிறது. 'புதிதாக ஒரு வசதியைச் சேர்க்கும்போதும்' என்ற அந்தச் சொற்களுக்குள் கேன்டீன் பெஞ்சில் நடந்ததும் அடங்கும் என்று நினைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, தவறாக இருந்தால் சட்டம் படிப்பவர்கள் திருத்துங்கள்.

நண்பனிடம் இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டான். அதன் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். எந்தத் திரையில் எந்தப் பட்டனுக்குப் பெயர் இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல நான் வரிசையாகத் தட்டச்சு செய்தேன். மொத்தம் 14 பட்டன்கள். தங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. ஐந்து வாரம் கழித்து வந்த அப்டேட்டில் 11 பட்டன்களுக்குப் பெயர் வந்திருந்தது. பணம் அனுப்பும் பட்டனும் அதில் ஒன்று. அன்று சாயங்காலம் எனக்குத் தர வேண்டிய டீக்காசு 12 ரூபாயை வேண்டுமென்றே செயலி வழியாக அனுப்பிவைத்தான்.

போன வாரம் இன்னொரு அப்டேட் வந்திருக்கிறது. 'புதிய தோற்றம், புதிய அனுபவம்' என்று போட்டிருக்கிறார்கள். தானாக அப்டேட் ஆவதை அவன் நிறுத்தி வைத்திருக்கிறான். மீதி மூன்று பட்டன்களுக்கு என்ன ஆயிற்று என்று முதலில் என் போனில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறான்.